ஹுட்ஹுட் கரையைக் கடந்த பிறகு: தோரோங் லா பனிப்புயல், அக்டோபர் 2014

2014 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. நேபாளத்தின் அன்னபூர்ணா மலைத்தொகுதியைச் சுற்றி வரும் நடைபாதையில், 5,416 மீட்டர் உயரத்தில் இருக்கும் தோரோங் லா கணவாயைக் கடக்க அன்று விடியும் முன்பே நூற்றுக்கணக்கானவர்கள் கிளம்பினார்கள். பெரும்பாலானவர்கள் விடுமுறைக்கு வந்தவர்கள். மற்றவர்கள் அவர்களுடைய வழிகாட்டிகள், சுமை தூக்குபவர்கள், சமையல்காரர்கள். மாலைக்குள் அந்தக் கணவாயிலும் சுற்றியிருந்த மலைகளிலும் பனிப்புயலும் பனிச்சரிவுகளும் குறைந்தது 43 பேரின் உயிரைக் குடித்துவிட்டன. அவர்களில் 21 பேராவது நடைப்பயணிகள். நேபாளத்தின் மலைநடை வரலாற்றில் இதைவிடப் பெரிய சாவு இல்லை என்று அப்போது எழுதினார்கள்.

இதைத் தமிழில் விரிவாக எழுத எனக்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. அந்தப் பனி வங்கக் கடலில் இருந்து போனது. இரண்டு நாள் முன்பு விசாகப்பட்டினத்தைப் புரட்டிப்போட்ட ஹுட்ஹுட் புயலின் மிச்சம்தான் தோரோங் லாவில் கொட்டியது. சென்னையில் உட்கார்ந்து அந்தப் புயலை மணிக்கு மணி தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரிந்தது. அதன் பாதையிலேயே மேலே நடந்துகொண்டிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. "எதிர்பாராத வானிலை" என்று இந்த நிகழ்வைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். அந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை. அது எதிர்பார்க்கப்பட்ட வானிலை. செய்திதான் மலை ஏறவில்லை.

பாதையும் பருவமும்

அன்னபூர்ணா சுற்றுப்பாதை மர்சியாங்டி ஆற்றுப் பள்ளத்தாக்கில் தொடங்குகிறது. நெல் வயல், மூங்கில், பிறகு பைன் காடு, பிறகு புல்லும் கல்லும் என்று ஒவ்வொரு நாளும் நிலம் மாறிக்கொண்டே மேலே போகும். 3,540 மீட்டரில் மனாங் என்ற ஊர். அங்கே ஒரு நாளாவது தங்கி உடம்பை உயரத்துக்குப் பழக்கிக்கொள்வது வழக்கம். அங்கிருந்து யாக் கர்கா, லெதர், 4,450 மீட்டரில் தோரோங் பேடி, அதற்கும் மேலே 4,900 மீட்டரை ஒட்டி மேல்முகாம். கடைசியில் கணவாய். நம்மூர் ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். அதன் தலையில் இன்னொரு ஆனைமுடியைத் தூக்கி வைத்தால் ஏறக்குறைய தோரோங் லா. அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி அளவுதான்.

கணவாயைத் தாண்டி மேற்கே இறங்கினால் முக்திநாத். தமிழ் வைணவர்கள் 108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருச்சாளக்கிராமமாகக் கொள்வது இந்தக் கோயிலைத்தான். திருமங்கையாழ்வாரும் பெரியாழ்வாரும் பாடிய தலம். இங்கிருந்து போகும் யாத்ரீகர்கள் பொக்காரா, ஜோம்சோம் வழியாக மறுபக்கத்திலிருந்து விமானத்திலோ ஜீப்பிலோ வந்து சேர்ந்துவிடுவார்கள். கணவாய் வழியாக நடந்து வருகிறவர்களுக்கு முக்திநாத் என்பது கடினமான நாளின் முடிவு. சூடான சாப்பாடு, வெந்நீர், மறுநாள் வண்டி.

அக்டோபர்தான் இந்தப் பாதைக்கு உச்ச பருவம். தென்மேற்குப் பருவமழை விலகியபின் வானம் கழுவிவிட்டாற்போல் இருக்கும், குளிர் இன்னும் கடுமையாகியிருக்காது. தசைன் பண்டிகை முடிந்து திஹார் பண்டிகைக்கு முன்னால் இருக்கும் அந்த இரண்டு மூன்று வாரத்தில் விடுதிகளில் இடம் கிடைப்பதே கஷ்டம். பயண நிறுவனங்கள் எல்லாம் "அக்டோபர், நவம்பர்: தெளிந்த வானம்" என்றுதான் சொல்லும். பெரும்பாலான ஆண்டுகளில் அது உண்மையும்கூட. ஆனால் அதே அக்டோபரும் நவம்பரும்தான் வங்கக் கடலின் புயல் காலம். புரட்டாசிக் கடைசியிலிருந்தே நாம் வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவோம், ஐப்பசி என்றாலே நமக்கு அடைமழை. இந்தக் கடலோரத்துக்காரனுக்கு இயல்பாகத் தெரிந்த ஒன்று, இமயமலைப் பயணக் கையேடுகளில் இடம்பெறாமல் போனது.

இது அப்படியொன்றும் முன்மாதிரி இல்லாத சங்கதியும் அல்ல. 1995 நவம்பர் 9 அன்று ஆந்திரக் கரையைக் கடந்த ஒரு புயலின் ஈரம் மேலே போய் எவரெஸ்ட் பக்கம் பெரும்பனியாக விழுந்தது. மறுநாள் கோக்கியோ பள்ளத்தாக்கில் பனிச்சரிவு ஒரு விடுதியைப் புதைத்து, 13 ஜப்பானிய நடைப்பயணிகளும் உடனிருந்த நேபாளிகளும் இறந்தார்கள். அதே ஆந்திரக் கரை, அதே மாதிரி வழி. 19 ஆண்டுகள் இடைவெளி இருந்தது, பாடம் மட்டும் ஏட்டிலேயே கிடந்தது.

புயல் போன வழி

ஹுட்ஹுட் அக்டோபர் 7 அன்று வடக்கு அந்தமான் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக உருவானது. மறுநாள் புயலாகி அந்தமான் தீவுகளைக் கடந்தது. 10ஆம் தேதிக்குள் மிகக் கடுமையான புயல். 12ஆம் தேதி ஞாயிறு நண்பகலை ஒட்டி விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தபோது காற்று மணிக்கு 170 முதல் 180 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. விமான நிலையத்தின் கூரை பிய்ந்தது, நகரத்தில் நின்ற மரம் குறைவு. இந்திய வானிலைத் துறையின் கணிப்பு இந்தப் புயலில் மிக நன்றாகவே இருந்தது. இடத்தையும் நாளையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள், லட்சக்கணக்கானவர்களை அப்புறப்படுத்த முடிந்தது.

கரையைக் கடந்ததும் என்ன நடக்கும் என்பதை நாம் வழக்கமாகக் கவனிப்பதில்லை. புயல் வலுவிழந்தது என்று ஒரு வரி வரும், அதோடு நம் ஆர்வம் முடிந்துவிடும். வலுவிழப்பது காற்றுதான். கடலிலிருந்து உறிஞ்சிக்கொண்டு வந்த ஈரம் அங்கேயே மறைந்துவிடாது. ஹுட்ஹுட் 13ஆம் தேதி காலைக்குள் ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகத் தேய்ந்து சத்தீஸ்கருக்குள் போனது, அன்று மாலை வெறும் தாழ்வு மண்டலம். 14ஆம் தேதி கிழக்கு உத்தரப் பிரதேசத்தின் மேல் நன்கமைந்த காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. வரைபடத்தில் விசாகப்பட்டினத்தையும் தோரோங் லாவையும் ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள். கோடு ஏறக்குறைய நேர் வடக்கே போகும், நீளம் 1,200 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். அந்தத் தூரத்தைப் புயலின் ஈரம் இரண்டு நாளில் கடந்தது.

அதே நேரத்தில் மேற்கிலிருந்து, இமயத்தின் உயரத்தில் வீசும் மேலைக்காற்றில் ஒரு தாழ்வு நகர்ந்து வந்துகொண்டிருந்தது. அது புயலின் மிச்சத்தை வடக்கே இழுத்துக்கொண்டது. சமவெளியில் மழையாகக் கொட்டிக்கொண்டிருந்த ஈரக்காற்று மலைச்சுவரில் மோதி மேலே ஏறியது. ஏற ஏறக் குளிரும், குளிரக் குளிரத் தாங்கிய நீரை விட்டுவிடும். கீழே மழை, 4,000 மீட்டருக்கு மேலே பனி. 12 மணி நேரத்துக்குள் சில இடங்களில் 1.8 மீட்டர் வரை பனி விழுந்ததாகச் செய்திகள் வந்தன. ஆள் உயரப் பனி.

காத்மாண்டுவுக்கு இது தெரியாததல்ல. ஹுட்ஹுட்டின் தாக்கம் நேபாளத்துக்கும் வரும் என்று அந்நாட்டு வானிலைத் துறையின் முன்னறிவிப்பு இருந்தது. ஆனால் கட்டமைப்பைப் பாருங்கள். வங்கக் கடல், அரபிக் கடல் புயல்களுக்குப் பெயர் வைத்து, எச்சரிக்கைகளைப் பகிர்ந்துகொள்ளும் நாடுகளின் குழுவில் அப்போது எட்டு நாடுகள்: இந்தியா, வங்கதேசம், மியான்மர், இலங்கை, மாலத்தீவு, பாகிஸ்தான், ஓமன், தாய்லாந்து. ஹுட்ஹுட் என்ற பெயர் ஓமன் கொடுத்தது. நேபாளம் இந்தக் குழுவில் இல்லை, ஏனென்றால் அதற்குக் கடற்கரை இல்லை. வங்கக் கடல் புயலால் சாகக்கூடிய ஒரு நாடு, கரை இல்லாததால் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே நின்றது. 2014இல் நேபாளத்தில் ஒரு வானிலை ராடார்கூட இல்லை.

மலைப்பாதையில் இன்னொரு விஷயம் எனக்கு மனத்தை உறுத்துகிறது. அன்னபூர்ணா பாதையில் சாவடிகள் உண்டு. போகிற ஒவ்வொரு வெளிநாட்டவரின் அனுமதிச் சீட்டையும் வாங்கிப் பார்த்துப் பெயரைப் பதிவேட்டில் எழுதுவார்கள். மனாங்கில் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் 1981 முதல் இயங்குகிறது. பருவ காலத்தில் தன்னார்வ மருத்துவர்கள் அங்கே உட்கார்ந்து தினமும் பிற்பகலில் உயரநோய் பற்றி நடைப்பயணிகளுக்குப் பேசுவார்கள். எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய அருமையான ஏற்பாடு அது. அதாவது, ஆட்களை நிறுத்தி வைத்துச் சொல்ல இடமும் இருந்தது, கேட்கிற பழக்கமும் இருந்தது. வானிலையைச் சொல்வதற்கு மட்டும் யாருக்கும் பொறுப்பு இல்லை. 12ஆம் தேதி மாலை அந்தச் சாவடிகளில் ஒரு அட்டையில் "புயல் வருகிறது, இரண்டு நாள் மேலே போகாதீர்கள்" என்று எழுதி மாட்டியிருந்தால் போதும்.

இருட்டில் எடுத்த முடிவு

தோரோங் லாவில் காலை பத்து மணிக்கு மேல் காற்று பலமாகும். அதனால் மேல்முகாமிலிருந்தும் பேடியிலிருந்தும் அதிகாலை மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புவது நெடுநாள் வழக்கம். நல்ல வானிலையில் இது சரியான வழக்கம்தான். 14ஆம் தேதி அதுவே ஆபத்தானது. வானம் தெரியாத நேரத்தில், மேகம் எவ்வளவு தடிப்பாக இருக்கிறது என்று பார்க்க முடியாத இருட்டில், போவதா வேண்டாமா என்று முடிவு எடுக்க வேண்டியிருந்தது. பனி ஏற்கெனவே விழுந்துகொண்டிருந்தது. சரி, இந்த உயரத்தில் கொஞ்சம் பனி சகஜம்தானே, விடிந்தால் நின்றுவிடும் என்று நினைப்பது மிக இயல்பு. எத்தனையோ நாள் அப்படித்தான் நின்றும் இருக்கும்.

இதோடு விடுமுறைக் கணக்கும் சேரும். அலுவலகத்தில் வாங்கிய விடுப்பு, ஜோம்சோமிலிருந்து விமானச் சீட்டு, காத்மாண்டுவிலிருந்து ஊருக்குச் சீட்டு. ஒரு வாரத்துக்கு மேல் நடந்து வந்தது இந்த ஒரு நாளுக்காக. விடுதிகள் நிரம்பி வழிந்தன, கீழேயிருந்து அடுத்த கூட்டம் வந்துகொண்டே இருக்கும். வழிகாட்டிக்கு அடுத்த குழு காத்திருக்கும். காத்திருக்கும் நாளின் செலவு யார் தலையில் என்று எந்த ஒப்பந்தமும் தெளிவாகச் சொல்லாது. இப்படிப்பட்ட இடத்தில் "இன்றைக்கு வேண்டாம்" என்று முதலில் சொல்கிறவர்தான் எல்லோருக்கும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். போவோம் என்கிறவரை யாரும் கேள்வி கேட்பதில்லை.

முன்னால் போகிறவர்களின் காலடித் தடம் இன்னொரு பொறி. ஆழப்பனியில் முதலில் போகிறவர் பாதை உடைக்கிறார், பின்னால் வருகிறவர் அந்தக் குழியில் கால் வைத்து ஏறுகிறார். முன்னால் நூறு பேர் போகிறார்கள் என்பதே பாதுகாப்பாகத் தோன்றும். அந்த நூறு பேரும் தங்களுக்கு முன்னால் போனவரைப் பார்த்துத்தான் போகிறார்கள்.

அன்று காலை கிளம்பாமல் பேடியிலும் மேல்முகாமிலும் தங்கிவிட்டவர்கள் உண்டு. பாதி வழி ஏறிவிட்டுத் திரும்பியவர்களும் உண்டு. அவர்களுக்கு அடுத்த சில நாட்கள் சிரமமாகத்தான் போயின. பனியில் வழி அடைபட்டு, சாப்பாடு குறைந்து, நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தார்கள். உயிர் இருந்தது.

கணவாயின் உச்சியில்

கணவாயின் மேலே ஒரு சிறிய தேநீர்க்கடை இருக்கிறது. கல்லால் கட்டிய, குறுகலான ஒரு கொட்டகை. பருவ காலத்தில் ஒருவர் அங்கே அடுப்பு வைத்துத் தேநீர் விற்பார். காலை கழியக் கழியக் காற்று ஏறி, எதிரே நிற்பவர் தெரியாத வெள்ளை இருட்டு சூழ்ந்தபோது பல பத்துப் பேர் அந்தக் கொட்டகைக்குள் நெருங்கிக்கொண்டார்கள். உயிர் தப்பியவர்கள் பின்னர் செய்தியாளர்களிடம் சொன்ன விவரங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால், இந்த நிகழ்வின் முக்கியமான மணி நேரங்கள் இங்கேதான் கழிந்திருக்கின்றன.

உள்ளே இடம் போதவில்லை. கதவுப் பக்கம் நின்றவர்கள் நனைந்தார்கள். இங்கேயே இருந்தால் உறைந்துவிடுவோம், இறங்கிவிடலாம் என்று ஒரு சாரார். இந்தக் காற்றில் வெளியே போவதுதான் சாவு என்று இன்னொரு சாரார். உள்ளூர்க்காரர்களே இறங்கக் கிளம்பியபோது, அவர்களுக்கு வழி தெரியும் என்ற நம்பிக்கையில் பலர் பின்னால் போனார்கள். வெளியே வந்த சில நிமிடத்தில் முன்னால் போனவர் மறைந்தார், தடம் மூடியது. கொட்டகைக்குள்ளேயே ஒருவரையொருவர் தேய்த்துக்கொண்டு, தூங்கவிடாமல் உலுக்கிக்கொண்டு இரவைக் கழித்தவர்கள் மறுநாள் உயிரோடு வெளியே வந்தார்கள்.

இந்த இடத்தில் உயரக் கணக்கைப் பார்க்க வேண்டும். கணவாயிலிருந்து பின்னால் மேல்முகாமுக்கு இறக்கம் சுமார் 550 மீட்டர். முன்னால் முக்திநாத்துக்கு இறக்கம் சுமார் 1,600 மீட்டர். மேற்குப் பக்கம் முதல் கூரை கிடைக்கும் இடமே 1,000 மீட்டருக்கும் மேல் கீழே. அதோடு அந்தப் பக்கம் திறந்த சரிவு. அடையாளத்துக்கு நட்ட கம்பங்களைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும், அன்றைக்குக் கம்பமே தெரியவில்லை. புதுப்பனி கனத்துச் சரியக் காத்திருக்கும் சரிவும் அதுவே. திரும்பிப் போவது அவ்வளவு பக்கமாக இருந்தும் பெரும்பாலானவர்கள் முன்னால் போனதற்குப் புவியியல் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கடினமான ஏற்றம் முடிந்துவிட்டது, இனி இறக்கம்தான், ஊர் அந்தப் பக்கம் இருக்கிறது. மனம் அப்படித்தான் கணக்குப் போடும்.

அந்தக் கணக்கைப் போட்ட மூளையின் நிலையையும் சேர்த்து யோசிக்க வேண்டும். பாதி ஆக்சிஜன், விடியும் முன்பிருந்து நடை, சரியான சாப்பாடு இல்லை. நனைந்த உடையின் மேல் காற்று அடிக்கும்போது உடல் சூடு மளமளவென்று இறங்கும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அதை உடல்வெப்பக் குறைவு என்கிறோம். முதலில் கட்டுப்படுத்த முடியாத நடுக்கம், விரல் சொன்னபடி கேட்காது, ஜிப்பைக்கூட இழுக்க வராது. அடுத்து நாக்கு குழறும், கால் தடுமாறும். இதற்குள்ளேயே நிதானம் போய்விடும். குளிர்கிறது என்பதே உறைக்காது. இன்னும் இறங்கினால் நடுக்கம் நின்றுவிடும். பார்க்கிறவர் தேறிவிட்டார் என்று நினைக்கக்கூடும், உண்மையில் உடம்பு கைவிட்டுவிட்டது என்று பொருள். கடைசிக் கட்டத்தில் சிலர் சூடாக இருக்கிறது என்று உடையைக் கழற்றுவார்கள். பனியில் "ஒரு நிமிஷம் உட்கார்ந்துகொள்கிறேன்" என்று உட்கார்ந்தவர்கள் எழவில்லை என்று தப்பியவர்கள் சொன்னதற்கு இதுதான் உடலியல். ஆகவே போகலாமா, இருக்கலாமா என்பதை உச்சியில், நண்பகலில், குளிரில் நடுங்கிக்கொண்டு முடிவு செய்யும் நிலைக்கு யாரையும் கொண்டுவரவே கூடாது. அந்த முடிவு முந்தின நாள் மாலை, அடுப்பங்கரையில், வயிறு நிறைந்திருக்கும்போது எடுக்க வேண்டியது.

இறந்தவர்கள்

சாவு தோரோங் லாவோடு நிற்கவில்லை. தவுளகிரி அடிவார முகாமில் பனிச்சரிவு 5 பேரை மூடியது. மனாங் மாவட்டத்தின் பூ கிராமப் பக்கம் இன்னொரு பனிச்சரிவில் கனடா, இந்தியா நாட்டவர் சிக்கினார்கள். மலையில் யாக் மேய்த்துக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர்களும் இறந்தார்கள். அவர்கள் விடுமுறைக்கு வந்தவர்கள் இல்லை, வழிகாட்டிகளும் இல்லை. செய்திகளில் அவர்களுக்கு ஒரு வரிக்கு மேல் கிடைக்கவில்லை. இஸ்ரேல், போலந்து, ஸ்லோவாக்கியா, ஜப்பான் என்று பல நாட்டவரின் பெயர்கள் பட்டியலில் இருந்தன. ஆனால் பெரும் பங்கு நேபாளிகள்.

சுமை தூக்குபவர்களைப் பற்றி இங்கே சொல்லாமல் போனால் இந்த ஆய்வுக்கு அர்த்தமில்லை. விருந்தாளியிடம் வாத்து இறகு அடைத்த மேலங்கியும் நீர்புகாத உறையும் நல்ல காலணியும் இருக்கும். அவற்றின் கனத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறவரிடம் மெல்லிய மேற்சட்டையும் சாதாரண ஷூவும் இருப்பது அந்தப் பாதையில் அன்றாடக் காட்சியாகவே இருந்தது. 14ஆம் தேதி ஒரே காற்றுதான் இருவர் மேலும் அடித்தது. தவிர, சுமைக்காரருக்கு நின்றுவிடும் சுதந்திரம் இல்லை. விருந்தாளியின் மூட்டை இரவுக்குள் முக்திநாத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கூலி கிடைக்காது. அதே ஆண்டு ஏப்ரல் 18 அன்று எவரெஸ்ட்டின் கும்பு பனியருவியில் பனி சரிந்து 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்து, அவர்களுடைய காப்பீடும் கூலியும் பற்றி நாடே பேசியது. ஆறு மாதத்தில் மறுபடி அதே பேச்சு.

15ஆம் தேதி வானம் தெளிந்ததும் நேபாள ராணுவமும் தனியார் ஹெலிகாப்டர்களும் மேலே போயின. அடுத்த சில நாட்களில் 500க்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். உறைகுளிரின் பனிக்கடியால் கை கால் விரல்கள் கருத்துப்போனவர்கள் நிறையப் பேர். அவ்வளவு உயரத்தில், மெல்லிய காற்றில் ஹெலிகாப்டரை இறக்கி ஏற்றிய விமானிகளின் வேலையைக் குறைத்துச் சொல்ல முடியாது. முக்திநாத் ஊர்க்காரர்கள் முதல் இரவே விளக்கோடு மேலே ஏறி, தடுமாறி வந்தவர்களைத் தாங்கிக் கொண்டுவந்ததும் அப்படித்தான்.

பிறகு

அப்போதைய பிரதமர் சுஷில் கொய்ராலா முன்னெச்சரிக்கை அமைப்பு ஏற்படுத்தப்படும் என்று அறிவித்தார். 2015 ஏப்ரலில் பெருநிலநடுக்கம் வந்தது, நாட்டின் கவனம் முழுவதும் அங்கே போய்விட்டது. முதல் வானிலை ராடார் மேற்கே சுர்கேத்தில் 2019இல்தான் வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டு நடைப்பயணிகள் வழிகாட்டி இல்லாமல் தனியே போகக் கூடாது என்று நேபாளச் சுற்றுலா வாரியம் விதித்தது.

வழிகாட்டி விதியைப் பற்றி எனக்குக் கலவையான எண்ணம் இருக்கிறது. தனியாகப் போய்த் தொலைந்துபோகிறவர்களுக்கு அது உதவும், உள்ளூர்க்காரர்களுக்கு வேலை கிடைக்கும், இரண்டும் நல்லது. ஆனால் 2014இல் இறந்தவர்களில் வழிகாட்டியோடு போனவர்களும், வழிகாட்டிகளும் இருந்தார்கள் என்பதை மறந்துவிட முடியாது. ஆளைக் கூட அனுப்புவது ஒரு வேலை. அந்த ஆளுக்கு வானிலைச் செய்தி போய்ச் சேருவதும், "இன்றைக்கு நகர வேண்டாம்" என்று அவர் சொன்னால் கூலி குறையாது என்ற உறுதியும் வேறு வேலை. இரண்டாவது நடந்தால்தான் முதலாவதற்குப் பலன்.

தமிழ்நாட்டிலிருந்து இப்போது நிறையப் பேர் அக்டோபர், நவம்பரில் அன்னபூர்ணாவுக்கும் எவரெஸ்ட் அடிவார முகாமுக்கும் உத்தராகண்ட் மலைகளுக்கும் போகிறார்கள். தீபாவளி விடுமுறையோடு சேர்த்து விடுப்பு எடுப்பது வசதி. மற்ற எந்த ஊர்க்காரரையும் விட நம்மிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது: வங்கக் கடலைப் பார்க்கும் பழக்கம். கிளம்புவதற்கு முந்தின வாரம் அந்தமான் பக்கம் தாழ்வு மண்டலம் ஏதாவது உருவாகிறதா என்று பார்ப்பது நமக்குப் புதிதல்ல. அது ஆந்திராவிலோ ஒடிசாவிலோ கரை ஏறிய பின்னும் விட்டுவிடாமல், வடக்கே திரும்புகிறதா என்று அடுத்த மூன்று நாள் பார்க்க வேண்டும். மலையில் இருக்கும்போது வீட்டில் ஒருவர் இதைப் பார்த்துச் சொல்ல ஏற்பாடு செய்துகொள்ளலாம். நம் வீடுகளில் அம்மாவோ சித்தப்பாவோ எப்படியும் புயல் செய்தி பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். அந்தச் செய்தி கையில் வந்தால் மனாங்கிலோ அதற்குக் கீழேயோ நின்றுவிட வேண்டும். பேடி வரை போய்ப் பார்க்கலாம் என்று நகரக் கூடாது, ஏனென்றால் அங்கே போய்விட்டால் கூட்டம் நம்மையும் இழுத்துக்கொள்ளும்.

பயண நிறுவனத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு, பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கணவாய் நாளுக்கு முன்னால் சும்மா உட்கார இரண்டு நாளாவது திட்டத்தில் வைத்திருக்கிறார்களா, அந்த நாட்களின் செலவை யார் ஏற்கிறார்கள்? மேல்முகாமிலிருந்து காத்மாண்டுவோடு பேச வழிகாட்டியிடம் என்ன கருவி இருக்கிறது, தினமும் மாலை அவருக்கு வானிலை சொல்வது யார்? நம் மூட்டையைத் தூக்கி வருகிறவருக்குக் காலணி, மேலங்கி, கையுறை, காப்பீடு இருக்கின்றனவா? பதில் எழுத்தில் வராவிட்டால் வேறு நிறுவனம் பார்க்கலாம், அங்கே நிறைய இருக்கின்றன.